பேனா ரிப்பேர்

நான் லாரி வாங்கிய செய்தி வடக்குத்து முழுவதும் பரவ நாலு நிமிஷம் ஆனது. பரப்பியவனே நான்தான் என்பதால் நேரம் எனக்குச் சரியாகத் தெரியும்.

ரிட்டயர் ஆனவர்கள் என்ன செய்வார்கள்? டவுன்ஷிப்புக்குள் வாக்கிங் போவார்கள். ஒருவரின் சர்க்கரை அளவை இன்னொருவர் விசாரிப்பார். பிள்ளை இருக்கும் ஊருக்குப் போய்ப் பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருவார்கள். நிலக்கரி மைன்ஸ் கராஜில் முப்பத்து நாலு வருஷம் மெக்கானிக்காக இருந்த கிறிஸ்துதாஸ் ஆகிய நான், குவார்ட்டர்ஸைக் காலி செய்து வடக்குத்தில் வீடு கட்டிக் குடிவந்த மூன்றாம் வருஷம், 2015 தை மாசத்தில், இனி ஓடாது, கண்டம் என்று கழித்து ஏலத்துக்கு விட்ட ஒரு தண்ணீர் லாரியை வாங்கினேன். மைன்ஸ் ரோட்டில் புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டு போகுமே, அந்த ரகம். மூக்கு நீண்ட பழைய வண்டி. பத்தாயிரம் லிட்டர் டேங்க். கருவேலம் புதருக்குள் நம்பர் பிளேட்கூட இல்லாமல் கிடந்தது. அதை எழுப்பி ஓடவைத்து, கோடையில் வீடு கட்டுகிறவர்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் தண்ணீர் அடிப்பது என் திட்டம்.

டிராக்டரில் கட்டி இழுத்து வந்தோம். ஆர்ச் கேட்டைத் தாண்டும்போது செத்துக் கிடந்த வண்டி தானாக ஒரு ஹாரன் அடித்தது என்று டீக்கடையில் சொன்னேன். பானெட்டைத் திறந்தால் உள்ளே பதினெட்டு அடி சாரைப்பாம்பு ஒன்று சுருண்டிருந்து, என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது என்றும் சொன்னேன். அது அணில் கூடு என்பாள் என் மனைவி சவரியம்மாள். அவளுக்குக் கற்பனை கம்மி.

"வேளாங்கண்ணிக்கிப் போலாம்னா முட்டி வலிங்கறீங்க," என்றாள் அன்று. "இந்த இரும்பு மலை மேல மட்டும் கொரங்கு கணக்கா ஏறறீங்க."

மறுநாள் காலை ராயப்பன் வந்தான். வடக்குத்தில் ராயப்பன் வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். சைக்கிள் ராயப்பன் வீடு என்றால் கை உடனே நீளும். ஐம்பது வயது. ஒரு காலத்தில் மைன்ஸில் காண்ட்ராக்ட் டிரைவர். இப்போது காடாம்புலியூர்ப் பக்கம் பலாப்பழ மண்டியில் லோடு ஏற்றுகிறான். வந்தவன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினான். கையால் தொடவில்லை. டிரைவர் பக்கத்துப் படிக்கட்டுக்குக் கீழே குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் முகம் வேறு மாதிரி இருந்தது.

"சார், இது என் வண்டி."

"ஏலத்துல எடுத்தவன் நான் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கறேன். உன் வண்டியா?" என்று சிரித்தேன்.

"அதில்லீங்க சார். நான் ஓட்டின வண்டி. நாலாம் நம்பரு தண்ணி வண்டி. தோ பாருங்க, படிக்கட்டு அடியில ஆணியால என் பேர கீறி வச்சிருக்கேன்."

குனிந்து பார்த்தேன். துரு தின்றது போக 'ரா' மட்டும் மிச்சம் இருந்தது. என் சிரிப்பு பாதியில் நின்றது.

நாலாம் நம்பர் வண்டிக்கு என்ன ஆனது என்பது ஊருக்கே தெரிந்த கதை. 2002இல் ஒரு நாள், காண்ட்ராக்ட் கேட்டுக்குப் பக்கத்து மேட்டில் ராயப்பன் வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டு டீ குடிக்க இறங்கினான். டேங்க் நிறையத் தண்ணீர். வண்டி தானாகப் பின்னால் உருண்டு, கீழே இருந்த சைக்கிள் ஸ்டாண்டுக்குள் புகுந்து, அதையும் தாண்டிக் கால்வாயில் போய் விழுந்தது. ஆளுக்குச் சேதம் இல்லை. சைக்கிள்கள் எல்லாம் அப்பளம். வடக்குத்திலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் காண்ட்ராக்ட் வேலைக்கு வந்தவர்களின் சைக்கிள்கள் அவை. மறுநாளே ராயப்பனின் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு எவரும் அவனை ஸ்டீயரிங்கில் உட்காரவைக்கவில்லை. அவனும் உட்காரவில்லை.

நடந்தது இவ்வளவுதான். நான் சொல்வது இவ்வளவாக இருக்காது. முன்னூறு சைக்கிள் என்பேன். ஒன்று பறந்துபோய்ப் பனைமரத்தில் மாட்டிக்கொண்டது, அதன் கேரியரில் காக்கா குஞ்சு பொரித்தது என்பேன். ராயப்பன் டீ கிளாஸோடு வண்டியைத் துரத்திக்கொண்டு 'நில்லுடி, நில்லுடி' என்று மரியாதை இல்லாமல் கூப்பிட்டான், அந்தக் கோபத்தில்தான் வண்டி நிற்கவில்லை என்பேன். குவார்ட்டர்ஸில் இருந்தபோதும் டீக்கு வடக்குத்துக்குத்தான் வருவேன்; பதிமூன்று வருஷம் சொன்னேன். சைக்கிள் ராயப்பன் என்று பேர் வைத்தவனும் நானே. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவனைத் தெருவில் பார்த்தால் சைக்கிள் பெல்லை அடித்துவிட்டு ஓடும். நான் சொல்லும்போது சில நாள் அவனே டீக்கடை பெஞ்சில் இருப்பான். கிளாஸைப் பார்த்துக்கொண்டே சிரிப்பான். "தாஸ் சார் சொன்னா கேக்க நல்லா இருக்குது," என்பான்.

அந்த 'ரா'வைப் பார்த்த நிமிஷத்தில், கதையில் நான் சொல்லாமல் விட்டது அத்தனையும் மேலே வந்தது.

எங்கள் கராஜில் பேனா ரிப்பேர் என்று ஒன்று உண்டு. ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்கு வேலை முடிந்திருக்காது. முடிந்ததாக ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுநாள் காலையில் வந்து சத்தமில்லாமல் உண்மையாகவே முடித்துவிடுவோம். ஸ்பானர் தொடாமல் பேனாவால் செய்த ரிப்பேர். எல்லோரும் செய்தோம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

2002இல் வண்டி உருண்ட அந்த நாள் ஞாயிற்றுக்கிழமை. கூட வேலை பார்த்த பரமசிவத்தின் மகளுக்குக் காடாம்புலியூரில் காதுகுத்து, கடா வெட்டு. எங்களுக்கோ தவக்காலம். நாற்பது நாளும் கவிச்சி தொடுவதில்லை என்று சவரியம்மாளும் நானும் கோயிலில் நேர்ந்துகொண்டு வந்திருந்தோம். காலை பத்து மணிக்கு நாலாம் நம்பர் வண்டி கராஜுக்கு வந்தது. பிரேக் பிடிக்கவில்லை, ஹேண்ட்பிரேக் நிற்கவில்லை என்று காலை ஷிஃப்ட் டிரைவர் புகார் எழுதிக் கொடுத்திருந்தான். ஸ்டோரில் புது பிரேக் லைனிங் வாங்கி வந்து என் பெஞ்சின்மேல் வைத்தேன். சக்கரத்தின் டிரம்மைக் கவ்விப் பிடிப்பது லைனிங்தான்; அது தேய்ந்தால் ஹேண்ட்பிரேக்கும் நிற்காது. பின்சக்கரங்களைக் கழற்றி, தேய்ந்த லைனிங்கை எடுத்துவிட்டுப் புதியதை ரிவெட் அடித்து மாட்ட நாலு மணி நேரம் வேண்டும். பந்தி ஒரு மணிக்கு.

'பின்சக்கர லைனிங் மாற்றப்பட்டது. படிய இரண்டு நாள் ஆகும்' என்று எழுதினேன். பிரேக் உடனே பிடிக்கவில்லை என்று எவனும் திரும்பி வரக்கூடாது அல்லவா, அதற்குத்தான் அந்த இரண்டு நாள். கீழே கையெழுத்து. என் கையெழுத்து புழு நெளிந்த மாதிரி இருக்கும். அது கிறிஸ்துதாஸ் என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. யாரோ ஒருவனின் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டு பந்திக்குப் போனேன். சாயங்காலம் நாலு மணிக்கு நான் பந்தலில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தபோது, ராயப்பன் மேட்டில் வண்டியை நிறுத்தியிருக்கிறான்.

விசாரித்தவர்கள் ஜாப் கார்டைப் பார்த்தார்கள். அன்றைக்குத்தான் லைனிங் மாற்றியிருக்கிறது. பிறகு எதற்குச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும்? டிரைவர் ஹேண்ட்பிரேக்கைச் சரியாக இழுக்கவில்லை, முடிந்தது. வண்டியை ஓரம் கட்டினார்கள். பெஞ்சில் இருந்த புது லைனிங்கை மறுவாரம் வேறொரு வண்டிக்குப் போட்டேன்.

ஈஸ்டர் பாஸ்காவுக்கு முன்னால், சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முழங்கால் போட்டு, நேர்ச்சையை மீறிக் கறி தின்றதைச் சொன்னேன். ஈரல் தனியாகக் கேட்டு வாங்கித் தின்றதைக்கூட மறைக்கவில்லை. சாமியார் மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லும்படி அபராதம் கொடுத்தார். சொல்லி முடித்துவிட்டு வெளியே வந்தபோது அந்த ஞாயிற்றுக்கிழமையையே கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. கையெழுத்தும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள்தானே இருந்தது? அதைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதன் பிறகுதான் கதை சொல்ல ஆரம்பித்தேன். சைக்கிள்கள் பெருகப் பெருகக் கையெழுத்து சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் கண்ணுக்கே தெரியாமல் போயிற்று.

"சார்," என்றான் ராயப்பன். "மண்டியில வேல இல்லாத நாளுக்கெல்லாம் வரேன். கூட நின்னு ஒரு கை குடுக்கறேன். வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே. பதினெட்டு அடிப் பாம்பை ஒரு நொடியில் உண்டாக்கியவனுக்கு அன்று ஒரு சின்னப் பொய் அகப்படவில்லை. "வா," என்றேன்.

இரண்டு மாசம் வேலை நடந்தது. எஞ்சின் இறுகிக் கிடந்தது. சிலிண்டர்களுக்குள் டீசலை ஊற்றி நாலு நாள் ஊறவைத்து, கடப்பாரை போட்டு நெம்பினோம். முதல் முறை அது ஸ்டார்ட் ஆனபோது வந்த கரும்புகையில் கடலூர் வரைக்கும் பொழுது சாய்ந்துவிட்டது என்று சொல்லி வைத்தேன். டேங்கின் ஓட்டைகளுக்கு ஒட்டுப் போட்டோம். எலி தின்ற ஒயர்களைப் புதிதாக இழுத்தோம். ராயப்பனுக்கு அந்த வண்டியின் ஒவ்வொரு எலும்பும் தெரிந்திருந்தது. "மூணாவது கியரு எடக்கு பண்ணும் சார். கொஞ்சூண்டு இடது பக்கம் தள்ளிட்டு அப்பறம் போடணும்," என்பான், பதிமூன்று வருஷம் கழித்து. ஆனால் கேபினுக்குள் மட்டும் ஏறமாட்டான். கிளட்சை மிதிக்க வேண்டும் என்றால் கீழே நின்றபடி ஒரு கட்டையால் அழுத்துவான்.

அவன் மனைவி வீரம்மாள், சடையப்பனின் டீக்கடையில் வடை சுடுகிறவள், மத்தியானம் சோற்றுத் தூக்கோடு வருவாள். வாய் கொஞ்சம் பெரிசு. வீட்டுக்கு வெளியே எனக்கே எதிர்ப்பேச்சுப் பேசக்கூடிய ஒரே ஆள்.

"ஏன் சார், ஒரு தபா இவுர மேல ஏத்தி குந்த வைங்களேன். தூக்கத்துல கால ஒதைக்கிறாரு. பிரேக்க மிதிக்கிறாராம். பதிமூணு வருசமா எங்காலுதான் இவுருக்கு பிரேக்கு பெடலு."

"சும்மா இருடி," என்றான் ராயப்பன்.

"ஸ்டேரிங்கு புடிச்ச கை சார், பலாப்பழம் தூக்கிகினு இருக்குது. நீங்க சொன்னா கேப்பாரு. உங்க மேல அவ்ளோ மருவாதி."

நான் ஒரு போல்ட்டை வெகு கவனமாகத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பின்சக்கரங்களை மட்டும் நான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். "அத கடசியில பாத்துக்கலாம்" என்பேன். அவன் மண்டிக்குப் போகிற நாளாகப் பார்த்து நானே தனியாகக் கழற்றி, உள்ளே இருக்கும் பழைய லைனிங்கை எடுத்துக் கால்வாயில் எறிந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். வியாழக்கிழமை என்று நாள்கூடக் குறித்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை கண் பரிசோதனைக்குக் கடலூர் போய்விட்டு மத்தியானம் திரும்பினால், வண்டி ஜாக்கியில் நிற்கிறது. பின்சக்கரங்கள் இரண்டு பக்கமும் கழன்று கிடக்கின்றன. ராயப்பன் தரையில் உட்கார்ந்து, கழற்றிய பிரேக் ஷூவை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறான்.

"வயசான காலத்துல நீங்க ஏன் சார் சக்கரத்தோட மல்லுக்கட்டணும்னு, நானே கழட்டிட்டேன்."

லைனிங் என்று ஒன்று அதில் இல்லை. காகிதம் போலத் தேய்ந்து, ரிவெட்டுகளின் தலை வெளியே பளபளத்தது. டிரம்மின் உட்புறத்தை அந்த ரிவெட்டுகள் உழுது வைத்திருந்தன.

"சார், அன்னிக்கிதான புது லைனிங்கு போட்டாங்க? கார்டுல எழுதியிருந்தத நானே பாத்தன்."

அவன் புரிந்துகொள்ளப் போகிறான் என்று நின்றேன். அவன் விரலால் ஒவ்வொரு ரிவெட்டாகத் தடவினான்.

"அப்ப நானு ஹேண்ட்பிரேக்க எடுக்காமயே ரெண்டு மணியிலேருந்து ஓட்டிகினு இருந்திருக்கேன். புத்தம் புது லைனிங்க ரெண்டு மணி நேரத்துல கரைச்சிட்டன்." அவன் குரல் இறங்கியது. "நான் சரியா இழுத்தேன்னு உள்ளாற ஒரு மூலையில தோணிகினே இருந்துது சார். யாருகிட்டயும் சொன்னதில்ல. வீரம்மா கிட்ட மட்டும் சொல்லுவேன். அதுவும் இன்னிக்கி போச்சி. என் தப்புதான்."

புது லைனிங்கை எந்த டிரைவராலும் இரண்டு மணி நேரத்தில் அப்படிக் கரைக்க முடியாது. கரைத்தால் சூட்டில் டிரம் நீலம் பாய்ந்திருக்கும். நாற்றம் மைன்ஸையே கூட்டியிருக்கும். இது அவனுக்குத் தெரியாதா? என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் பர்மனென்ட் ஆள் ஒருவன் கார்டில் எழுதியிருக்கிறான். அந்த எழுத்துக்கு முன்னால் அவன் தன் கண்ணைச் சந்தேகப்பட்டான்.

என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "அப்படித்தான சார் இருக்கும்?" என்றான்.

"இருக்கலாம்," என்றேன்.

என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் அதைவிடப் பெரியது எதுவும் இல்லை.

வீட்டுக்குப் போய் இலையில் உட்கார்ந்தேன். கை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது. சவரியம்மாள் இரண்டு முறை ரசம் வேண்டுமா என்று கேட்டுவிட்டு, "என்ன, வாய் ரிப்பேரா?" என்றாள்.

சொன்னேன். முழுவதும் சொன்னேன். காதுகுத்து என்றதும் அவள் நிமிர்ந்தாள். அந்தக் கறிக்காகப் பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் என்னோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தவள் அவள்.

"பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன்னு சொன்னீங்களே."

"பண்ணேன்."

"கறிய சொன்னீங்களா, கையெழுத்த சொன்னீங்களா?"

அவள் என் முன்னாலிருந்த இலையை எடுக்காமல் எழுந்து போனாள். திரும்பி வந்து, "சாமியார்கிட்ட போக வேணாம்," என்றாள். "சாமியார் சைக்கிள் ஒண்ணும் ஒடையல. ராயப்பன்கிட்ட போங்க. எத்தன பேர அவன பாத்து சிரிக்க வச்சீங்களோ அத்தன பேர் முன்னாடி சொல்லுங்க."

மறுநாள் காலை சடையப்பன் கடைக்குப் போனேன். பெஞ்சில் ஏழெட்டுப் பேர். சடையப்பனும், பெஞ்சில் இருந்த கொளஞ்சிநாதனும் அன்று சைக்கிளைப் பறிகொடுத்தவர்கள். ராயப்பன் ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். வீரம்மாள் அடுப்படியில் இருந்தாள்.

"ராயப்பன் மேல தப்பு இல்ல," என்றேன். "அன்னிக்கி லைனிங் மாத்தவே இல்ல. மாத்தினதா எழுதி கையெழுத்துப் போட்டவன் நான்."

"ஆரம்பிச்சிட்டாருய்யா!" என்றான் சடையப்பன். பெஞ்ச் முழுவதும் வாகாக நகர்ந்து உட்கார்ந்தது. "இருங்க சார், எல்லாருக்கும் டீய ஊத்திடறேன். கத பெருசாட்டம் தெரியுது."

"கத இல்லடா. நெசமா சொல்றேன்."

"நெசந்தான். அப்பறம்?" என்றான் கொளஞ்சிநாதன். "கையெழுத்து போட்ட பேனா எத்தினி அடி சார்?"

சிரிப்பு எழுந்தது. நான் காதுகுத்தைச் சொன்னேன். எத்தனை கடா, நூறா என்று கேட்டார்கள். கார்டில் எழுதியதைச் சொன்னேன். பாம்பு எங்க சார், இன்னும் வரலயே என்றார்கள். பதிமூன்று வருஷமாக நான் ஊட்டி வளர்த்த சிரிப்பு அது. நிறுத்து என்றால் நிற்குமா? "ஆண்டவர் சத்தியமா" என்றேன். அதற்கும் ஒருவன் தொடையைத் தட்டினான்.

ராயப்பன் வந்து என் முழங்கையைப் பிடித்தான். ஓரமாக இழுத்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் பேசினான்.

"வேணாம் சார். நேத்து நான் கலங்கிட்டேன்னு எனக்காவ பழிய நீங்க தூக்கிக்கிறீங்க. உங்க மனசு யாருக்கு வரும்? ஆனா வேணாம் சார்."

அவன் என்னை அறைந்திருக்கலாம். அந்தக் கை என் முழங்கையை அவ்வளவு மெதுவாகப் பிடித்திருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"சார்." அடுப்படியிலிருந்து வீரம்மாள் கூப்பிட்டாள். வடை எண்ணெயில் கிடந்தது. அவள் திருப்பவில்லை. "எத்தினி சைக்கிளு?"

"நாப்பத்தொண்ணு," என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நாப்பத்தொண்ணுதான். நாப்பத்தொரு வூட்டு வாசல்லயும் போயி நின்னவ நானு. எம் புருசன மன்னிச்சிக்கங்கன்னு கேட்டேன். சடையப்பண்ணே, உங்க வூட்டுக்கும் வந்தேன், ஞாபகம் இருக்குதா? இவுரு வாயிலேருந்து முன்னூறுக்கு கொறஞ்சி வந்து நான் கேட்டதில்ல. இன்னிக்கி கணக்கா சொல்றாரு." அவள் என்னையே பார்த்தாள். "நெசந்தான்யா சொல்றாரு."

பெஞ்சில் சிரிப்பு அங்கங்கே அணைந்தது. வடை கருகும் வாசனை வந்தது. யாரும் எழுந்து போய் அதை எடுக்கவில்லை.

"அப்ப எம் புருசன் ஹேண்ட்பிரேக்க இழுத்தாரா?"

"இழுத்தான்," என்றேன். பிறகு, "இழுத்தாரு," என்றேன்.

ராயப்பனின் கை என் முழங்கையை விட்டது. அவன் என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவன் தரையைப் பார்த்தபடி கேட்டான்:

"லைனிங்கு மாத்த எவ்ளோ நேரம் சார் ஆவும்?"

"நாலு மணி நேரம்."

"நாலு மணி நேரம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். "வாங்க. மாத்துங்க. நான் குந்திகினு பாக்கறேன்."

பண்ருட்டிக்குப் பஸ்ஸில் போய்ப் புது லைனிங் வாங்கி வந்தேன். பழைய ரிவெட்டுகளை உளியால் வெட்டி எடுத்தேன். அறுபத்தொரு வயதில் நாலு மணி நேர வேலை ஒன்றரை நாள் வேலையாகிவிடுகிறது. ராயப்பன் எதிரே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தான். ஒரு ஸ்பானர்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. எடுத்துக் கொடு என்று நானும் கேட்கவில்லை. சேதி பரவி, சைக்கிள் உடைந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நான் சொல்லாமலே வடக்குத்தில் ஒரு சேதி பரவியது அதுதான் முதல் தடவை. எவரும் சிரிக்கவில்லை. பிள்ளைகள்கூடச் சும்மா நின்றன. இரண்டாம் நாள் சுத்தியல் தவறி என் கட்டைவிரல் நசுங்கியது. சவரியம்மாள் மோர் கொண்டு வந்தாள். முதல் டம்ளரை ராயப்பனிடம் நீட்டினாள். மிச்சம் இருந்ததை எனக்கு ஊற்றினாள். கடைசி ரிவெட்டை அடித்ததும் அவன் எழுந்து வந்து, அத்தனையையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். சக்கரங்களை நானே மாட்டினேன்.

போர்வெல் தண்ணீரை டேங்கில் வழிய வழிய நிரப்பினோம். ராயப்பன் படிக்கட்டில் கால் வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான். வீரம்மாள் ஒன்றும் பேசாமல் பின்னால் நின்றாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அப்போதுதான். அவன் ஏறி உட்கார்ந்தான். சீட்டை ஒரு துணியால் துடைத்தான், ஏற்கெனவே உட்கார்ந்துவிட்ட பிறகு.

ஏரிக்கரைக்கு ஏறும் சரிவு வரைக்கும் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனான். நாங்கள் பின்னால் நடந்தோம். சரிவின் பாதியில் வண்டியை நிறுத்தித் தலையை வெளியே நீட்டினான்.

"சார், பின்னாடி போயி நில்லுங்க."

"எங்க?"

"வண்டிக்கிப் பின்னாடி. நடுவுல."

போய் நின்றேன். தலைக்கு மேலே டேங்க். உள்ளே தண்ணீர் மோதும் சத்தம் கேட்டது. ஹேண்ட்பிரேக் கரகரவென்று ஏறுவது கேட்டது. எஞ்சின் அணைந்தது. கதவு திறந்து மூடியது. வண்டியில் இப்போது யாரும் இல்லை. வண்டியும், பத்தாயிரம் லிட்டர் தண்ணீரும், என் ரிவெட்டுகளும்தான். ஓடிவிடலாம் என்று தோன்றியது. அவன் பக்கவாட்டில் நடந்து வந்து என் பக்கத்தில் நின்றான்.

சக்கரத்தையே பார்த்துக்கொண்டு இருவரும் நின்றோம். அது ஒரு விரல்கடைகூட அசையவில்லை.

"அன்னிக்கும் இப்படித்தான் சார் இழுத்தேன்," என்றான். "இதே அளவுதான்."

"ஆமாம் ராயப்பா."

"எங்கிட்ட மட்டும் சொல்லியிருந்தாகூட போதும் சார். ஊருக்குகூட வேணாம். எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா போதும்."

மன்னித்துக்கொள் என்று வாய் வரை வந்தது. நாற்பத்தொரு வாசலில் வீரம்மாள் சொன்ன வார்த்தை அது. அதையும் நான் எடுத்துக்கொள்வதா என்று விட்டுவிட்டேன்.

அவன் போய் ஏறினான். வீரம்மாள் அந்தப் பக்கக் கதவைத் திறந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். நானும் போய்ப் படிக்கட்டில் கால் வைத்தேன்.

"எடமில்ல சார்," என்றாள்.

மூன்று பேர் தாராளமாக உட்காரக்கூடிய கேபின் அது. காலை எடுத்துக்கொண்டேன். ராயப்பன் என் பக்கம் திரும்பவில்லை. வண்டி சரிவில் ஏறி, டேங்கின் மேல்மூடி வழியாகத் தண்ணீர் தளும்பிச் சிந்த, கரையின்மேல் திரும்பி டவுன்ஷிப் ரோட்டை நோக்கிப் போனது. மூன்றாவது கியர் எந்தத் தகராறும் செய்யாமல் விழுவது கேட்டது.

நான் நடந்தே திரும்பினேன். எதிரே வந்த ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "உங்க லாரி போவுதே சார், யாரு ஓட்டறது?" என்று கேட்டார்.

"ராயப்பன் ஓட்டறாரு," என்றேன்.

அவர் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று நின்றார். நான் நடந்தேன்.